பச்சை டிக்கும் ஒரு 'ங்க'வும்

எனக்கும் என் நண்பனுக்கும் இடையில் ஒரு ஆப் இருக்கிறது. அவன் குடிக்கக் கூடாது, நான் சிகரெட்டைத் தொடக் கூடாது. சாயங்காலமானால் ஆளுக்கொரு பச்சை டிக் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்தவன் போன் கத்தும். குழந்தைக்கு ஸ்டார் போடுகிற மாதிரி இதென்ன கூத்து என்று நான்தான் முதலில் எகிறினேன். ஆனால் அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பவானிக்கு, தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். குடியை விட்டால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் வாயை மூடிக்கொண்டு டிக் போட்டேன்.

அவள் மறுநாள் வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் அவனுடைய பச்சை டிக் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "நல்லா இருக்கறனுங்க. இன்னைக்கும் தொடலீங்க."

மெசேஜைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எங்கள் ஊரில் நாய்க்குட்டிக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் 'டா'தான். முதல் கிளாஸ் சரக்கு உள்ளே போனால் மட்டும் அவனுக்கு என்மேல் எங்கிருந்தோ மரியாதை வந்துவிடும். இது ஆப்புக்குத் தெரியாது.

போன் செய்தேன், எடுக்கவில்லை. பைக்கைக் கிளப்பினேன். அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் அவனைத் திட்டினேன். இன்னும் ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லையா? நாளைக்கு அந்தப் பெண்ணிடம் என்ன முகத்தோடு பேசுவேன்? கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது.

கருமத்தம்பட்டியில் அவன் தறிக்கூடம் திறந்து கிடந்தது. தறிகள் ஓடவில்லை. நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பாட்டில். இருட்டில் அதன் மூடி தெரியவில்லை. அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தைக்காக, எதுவும் கேட்காமல் நின்றேன்.

"ஏன்டா இத்தனை நேரம்?" என்றான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். சீல் உடையவில்லை.

"அப்புறம் எதுக்குடா 'ங்க' போட்டே?" என்று கத்தினேன்.

"நாளைக்கு அவ வாரான்னதும் பயம் வந்துருச்சு. வாங்கிப்போட்டேன். தொறக்கறதுக்குள்ள ஆராவது வரோணும்னு இருந்துச்சு." தலையைத் தூக்காமல் சொன்னான். "போனை எடுத்தா எதையாவது சொல்லிச் சமாளிச்சுப்போடுவேன், அதான் எடுக்கல. வாடான்னு கூப்புட வாய் வரல. 'டா' போட்டு நல்லா இருக்கறேன்னு சொல்லியிருந்தா, நீ வந்திருப்பியா?"