ஒரு கோடுகூடக் கீறாத திரை

எங்கள் கொம்பியூட்டர் வகுப்பு மன்னார் பட்டினத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்தது. ஜெனரேற்றர் ஓடும் மட்டும்தான் படிப்பு. சண்டைக் காலத்தில் இப்படியொரு வகுப்பை நடத்தினாரே என்று எங்கள் சேரை இன்றும் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க எனக்கு வயிறு எரியும்.

அவர் நன்றாகத்தான் படிப்பித்தார், அதையும் சொல்ல வேண்டும். புரோகிராம் எழுதும் டேர்போ சி-யில் ஒரு வட்டம் கீறுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். கிறபிக்ஸ் லைபிரரியை மெனுவுக்குள் போய்த் தெரிவுசெய்ய வேண்டும். அதன் பைல்கள் எந்த போல்டரில் இருக்கின்றன என்று புரோகிராமில் எழுத வேண்டும், அதுவும் சாய்கோட்டை இரண்டிரண்டாகப் போட்டு. ஒன்று பிசகினாலும் திரை கறுப்பாகவே கிடக்கும். மறக்காமலிருக்க இதையெல்லாம் செபமாலை சொல்லும் இழுவையில் வரிசையாகச் சொல்லிப் பழகினோம். சேருக்கும் அதில் சிரிப்புத்தான்.

கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் வருவதாக இருந்தது. நல்ல படம் கீறிக் காட்டுகிறவருக்குக் கொழும்பில் மேற்படிப்புக்கு இடம். மன்னார்த் தீவை விட்டு வெளியே போக ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், காரணமில்லாமல் தரமாட்டார்கள். இந்த இடம் கிடைத்தால் பாஸும் கிடைக்கும். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மற்றவர்கள் வீடும் பூவும் கீறினார்கள். நான் பள்ளிமுனைக்காரி. எங்கள் கரையைக் கீரிக் கிராமம் வரைக்கும் துண்டு துண்டாகக் கோடு போட்டுக் கீறினேன். கடலுக்கு நீலம் அடித்தேன். வள்ளங்களை விட்டேன். அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர். நேவி எதுவரைக்கும் விடும் என்று அவரிடம் கேட்டு, அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

பரீட்சைக்கு முதல்நாள் சேர் அதைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"பிள்ளை, உமக்கு விசரே? நாளைக்கு ஆமிப் பெரியவரும் வாறார். கரையின்ர மப்பைக் கீறி வச்சிருக்கிறீர், இயக்கத்துக்கெண்டு நினைப்பாங்கள்!"

"இது எங்கட கரை சேர். அந்தக் கோடு ஊருக்கே தெரியும். போட்டதே அவங்கள்தானே."

"கதைக்காதையும்."

என் புரோகிராமை அழித்தார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு மெஷினாகப் போய் கிறபிக்ஸ் போல்டரையே அழித்தார். புளொப்பிகளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "இது கிடந்தா இன்னொராள் இன்னொண்டு கீறும். நாளைக்கு எல்லாரும் சம்பளக் கணக்குப் புரோகிராமைக் காட்டுங்கோ" என்றார்.

பரீட்சகர் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே கிறபிக்ஸ்தான். பக்கத்திலிருந்தவள் தன் பூவை ஓட்டினாள். பைல் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. அடுத்த மெஷினிலும் அதே வரி. ஆமிப் பெரியவர் மெத்தைக் கதிரையில் இருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் விளங்கும்.

பரீட்சகர் என்னிடம் வந்தார். "எந்த பைல் இல்லை எண்டாவது தெரியுமே, தங்கச்சி?"

எனக்கு அந்த பைலின் பெயர் தெரியும். அது இருக்க வேண்டிய இடம் தெரியும். அழித்தது யார், ஏன் என்பதும் தெரியும். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி அதுதானே. பின்னால் சேர் கும்பிடாத குறையாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது சேர்."

"பரவாயில்லை. இங்க வசதி காணாது, பாவம். அடுத்தமுறை கவனமாப் படியுங்கோ" என்றார், அவ்வளவு அன்பாக. அந்த அன்பை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றும். எங்களில் ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு சேர் என்னிடம் வந்து, "நல்ல பிள்ளை" என்றார். அதைவிட மோசமான ஏச்சை என் வாழ்க்கையில் நான் வாங்கியதில்லை.