மாடி ரூமில் பத்தொன்பது நாள்

நீலாவதி ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். வயது நாற்பத்து மூன்று. ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில், ஓடையை ஒட்டின தெருவில் வீடு. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் சமையலை முடித்து, கணவன் சுப்பிரமணியைத் துடைத்து, டியூபில் மாட்டியிருக்கும் யூரின் பையைக் காலி செய்து, பவுடர் போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்புவாள்.

ஆறு வருஷத்துக்கு முன் புளி உலுக்க ஏறின மரத்திலிருந்து சுப்பிரமணி விழுந்தார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவள் வேலையில் இருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பழனி வந்து புரட்டிவிட்டுப் போவான். அப்படித்தான் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கார்த்திகையில் புயல் கரையைக் கடந்ததும் மலையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலை, நீலாவதி டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். பின் கதவுக்கு அடியிலிருந்து செம்மண் தண்ணீர் உள்ளே வந்தது. சிலிண்டரை மூடி, அரிசி டின்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் முழங்காலைத் தொட்டுவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினாள்.

"பாய்! உஸ்மான் பாய்! இவர எப்டி நான் தூக்குவேன்?"

எதிர் வீடு உஸ்மானுடையது. டி.வி.எஸ். வண்டியில் ஊர் ஊராகப் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர். கீழே இரண்டு அறை, மேலே ஷீட் போட்ட ஒரு ரூம். அந்தத் தெருவில் மாடி என்றிருந்தது அது ஒன்றுதான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தண்ணீரில் இறங்கி வந்தார். பின்னாலேயே பழனி.

"என்ன வுட்டுடுங்க பாய்," என்றார் சுப்பிரமணி. "அவள இட்னு போங்க."

"பேசாத கெட மணி. பழனி, அந்தப் பக்கம் புடி."

கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். தெருவில் தண்ணீர் இடுப்பளவு. உஸ்மான் வீட்டுக் கீழ் அறையிலிருந்து சிவப்பு பக்கெட்டும் மக்கும் முறமும் வரிசையாக வெளியே மிதந்து போய்க்கொண்டிருந்தன. அத்தனையும் அவர் விற்க வைத்திருந்த சரக்கு. அவர் தலையைத் திருப்பவில்லை. டியூப் இழுபடாமல் பையைப் பிடித்துக்கொண்டு நீலாவதி கட்டிலோடு ஒட்டி நடந்தாள். மாடிப்படி குறுகல், கட்டில் ஏறவில்லை. உஸ்மான் குனிந்து சுப்பிரமணியை முதுகில் வாங்கிக்கொண்டார். மேலே நின்ற அவர் மனைவி ஷம்ஷாத் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள்.

தண்ணீர் மறுநாளே வடிந்தது. வடிந்த பிறகுதான் தெரிந்தது, நீலாவதி வீட்டின் பின்சுவர் சரியாகக் கணவன் படுக்கும் இடத்தில் விழுந்து கிடந்தது. பழனியின் வீடு இருந்த இடத்தில் சேறு மட்டும். அவனும் மனைவி பூவிழியும் முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

முதல் இரண்டு நாள் யாருக்கும் அசதி தெரியவில்லை. அப்புறம்தான் அது வந்தது. ஒரே ரூமில் நான்கு பேர். ஈரத் துணி காயவில்லை. கரண்ட் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கு லாரி வரும் இடம் வரை சேற்றில் நடக்க வேண்டும். ஐந்தாம் நாள் கம்பெனி பஸ் ஓடத் தொடங்கியது. இனி லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார்.

"நீ போ நீலா, நான் பாத்துக்கறேன்," என்றாள் ஷம்ஷாத்.

அவள் பார்த்துக்கொண்டாள். உஸ்மான் இருக்கும்போது அவர் புரட்டுவார். அவர் வெளியே போனால் ஷம்ஷாத் தனியாகப் புரட்டுவாள். அவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது, மூட்டு வலி வேறு. கஞ்சி வைத்து, படிக்கட்டில் நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்கி, கீழ் அறையின் சேற்றை முறத்தால் அள்ளிக் கொட்டினாள். சாயங்காலம் வந்ததும் நீலாவதி துணி துவைப்பாள், இரண்டு வீட்டுப் பாத்திரமும் தேய்ப்பாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துப் பேசக்கூடத் தெம்பில்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நீலாவதி படிக்கட்டுக்கு அடியில் போர்வை அலசிக்கொண்டிருந்தாள். மேல்படியில் ஷம்ஷாத் கணவரிடம் சொல்வது கேட்டது.

"இன்னும் எத்தினி நாளுங்க? முடியல எனக்கு. இடுப்பு ஒடிஞ்சி போவுது."

நீலாவதிக்குக் கோபம் வரவில்லை. இதே சொல்லை யாரிடமாவது சொல்ல ஆறு வருஷமாகக் காத்திருந்தவள் அவள். சொன்னதில்லை. சொல்லிவிட்டு எங்கே போவது?

மறுநாள் பஸ்ஸில் ஏறவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். இடிந்த மண்ணை ஒதுக்கி, கவர்ன்மென்ட் கொடுத்த தார்ப்பாயைச் சுவர் இருந்த பக்கம் கட்டத் தொடங்கினாள். தரை இன்னும் ஊறிக் கிடந்தது. ஷம்ஷாத் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா பண்ற நீ?"

"இட்டாந்துடலாம்னுதான் யக்கா. எத்தினி நாளு உங்களுக்குச் செரமம்."

ஷம்ஷாத் ஈரத் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.

"நேத்து நான் பேசனது கேட்டுட்ட."

நீலாவதி கயிற்றை முடிந்துகொண்டே இருந்தாள்.

"சொன்னேன்தான். இடுப்பு வலிக்குது, சொன்னேன். அவருகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது? இட்னு போன்னு சொன்னனா? இந்த ஈரத்துல போட்டா புண்ணு புடிச்சிக்கும், தெரியாதா உனக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிகினே கட்டற!"

நீலாவதி மண்மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் முடியலக்கா," என்றாள். ஷம்ஷாத் முழங்காலைப் பிடித்து மெதுவாக மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஷம்ஷாத் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்ப் பூவிழியிடம் பேசினாள். மறுநாளிலிருந்து பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை பூவிழியும் பழனியும் சுப்பிரமணியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ஷம்ஷாத் தலையணையைக் கீழ் அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். உஸ்மானும் பழனியும் எங்கிருந்தோ ஹாலோ பிளாக் கல் கொண்டுவந்து காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாகப் பின்சுவரை எழுப்பினார்கள். கொத்தனார் வேலை தெரிந்தவர் இருவரில் யாருமில்லை. சுவர் கொஞ்சம் கோணல்தான், ஆனால் நின்றது.

பத்தொன்பதாம் நாள் சுப்பிரமணியைக் கீழே இறக்கினார்கள். முதுகில் புண் ஒன்றும் வரவில்லை. படியில் இறங்கும்போது அவர் உஸ்மானின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாரமா கீறனா பாய்?" என்று கேட்டார்.

"பாரமாத்தான் கீற. கெட்டியா புடி," என்றார் உஸ்மான்.

எல்லோரும் போன பிறகு நீலாவதி புதுச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். அடுப்பு பற்ற வைக்க வேண்டும். துணி மூட்டை பிரிக்காமல் கிடந்தது.

"தூங்கறியா?" என்றார் சுப்பிரமணி.

"இல்ல. சும்மா உக்காந்துகினு கீறேன்."

"உக்காரு. பசிச்சா சொல்றேன்," என்றார் அவர்.