நல்ல பழுது கிடைச்சிருக்கு, வாரியா?

சென்ற வாரம் ஒரு காலையில் அண்ணன் என்னைக் கைபேசியில் கூப்பிட்டபோது வண்ணார்பேட்டையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். "ஏட்டி ஜெயா, உன் மதினி போயிட்டா" என்றார். "திசையன்விளைக்குத்தான போயிருக்காங்க, நாளைக்கு வந்துருவாங்கல்லா" என்றேன். அண்ணன் ஓவென்று அழுதார். அந்த அழுகையில்தான் எனக்குப் புரிந்தது. தம் அக்காள் வீட்டுக்குப் போன இடத்தில் மதினிக்குத் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

அண்ணன் மனைவியான என் மதினி கிரேஸ் செல்வராணி அவர்களைப் பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். அது அவருக்குச் சம்பளம் தந்த வேலை. அவருக்குச் சந்தோஷம் தந்த வேலை, வீடுகளில் செத்துக் கிடக்கும் கணினிகளை உயிர்ப்பிப்பது. அடக்கமானவர் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். ஒரு கணினி ஓடத் தொடங்கிவிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கைதட்டுவார். எனக்கு அவர் விடுக்கும் அழைப்பு எப்போதும் ஒன்றுதான்: "ஏட்டி, நல்ல பழுது கிடைச்சிருக்கு, வாரியா?"

பழுதில் என்ன நல்ல பழுது என்று கேட்பவர்கள் அவரோடு ஒருமுறை போயிருக்க வேண்டும்.

தொடக்கம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அண்ணன் ஆசையாக வாங்கிய கணினி ஒரு நாள் திரையே காட்டாமல் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. அண்ணன் பயந்து பிளக்கைப் பிடுங்கினார். மதினியோ அதை மறுபடி மாட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "அது பேசுதுல்லா. பேசுத நோயாளிக்கு வைத்தியம் சுளுவு" என்றார். பெட்டியைத் திறந்து, ராம் அட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிற விளிம்பைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்துத் திரும்ப அழுத்தினார். கத்தல் நின்றது, திரை வந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள், பத்தாம் வகுப்பில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

தலைக்கனம் ஏறியது. ஏறினால் இறங்கத்தானே வேண்டும்? கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியின் பின்புறம் சின்னதாக ஒரு சிவப்பு விசை இருக்கும். அது எதற்கென்று பார்க்கிறேன் பேர்வழி என்று அதைத் தள்ளிவிட்டுக் கணினியைப் போட்டார். டப் என்று ஒரு வெடி. புகை. நான் கட்டில்மேல் ஏறி நின்றேன். நம் ஊர் மின்சாரத்துக்குப் பாதி அளவுக்கான இடத்தில் அந்த விசை போய் நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. அண்ணன் ஓடிவந்து "யாரு செஞ்சது?" என்றார். "நான்தான்" என்று மதினி உடனே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அண்ணன் அந்தக் கதையைச் சொன்னதுதான். மதினி சிரித்துக்கொண்டே காப்பி கொடுப்பார். ஒரு நாள் அடுக்களையில் என்னிடம் மட்டும் சொன்னார்: "பழுதைச் சொல்லணும்ட்டி, ஆளைச் சொல்லப்பிடாது. பழுது சரியாயிரும். ஆளுக்குப் பட்ட பேரு போவாது."

அதற்குப் பிறகு அவர் போன வீடுகளில் அதுவே சட்டம். காப்பியைக் கொட்டியது எந்தப் பிள்ளை என்று கேட்க மாட்டார். கீபோர்டு நனைந்திருக்கிறது என்பதோடு சரி. "கடைசியா என்ன நடந்திச்சு?" என்று மட்டும் கேட்பார். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்றுவார். நான் அவசரப்பட்டு இரண்டைக் கழற்றினால் கையில் அடி விழும். "ரெண்டையும் சேத்து மாத்துனா எதுல தப்புன்னு எப்படிட்டி தெரியும்?" என்பார்.

அவர் கைவண்ணத்தில் எனக்கு மறக்க முடியாதது வண்ணார்பேட்டையில் ஆற்றுப்பக்கத் தெருவில் நடந்தது. சிவகாமியம்மாள் வீடு. அந்த அம்மாளின் மருமகள் உமா, குழந்தை பிறந்ததால் வேலையை விட்டவர். சில வருடங்கள் கழித்து ஒரு நிறுவனத்தில் மறுபடி வாய்ப்பு வந்திருந்தது. வீட்டிலிருந்தே கணினியில் தேர்வு எழுத வேண்டும். தேர்வுக்கான மென்பொருளை அந்த ஒரு கணினியில்தான் பதிவு செய்திருந்தார்கள். வேறு எதிலும் எழுத முடியாது. தேர்வு பதினொரு மணிக்கு. கணினி ஓடவில்லை என்று உமா மதினியைக் கூப்பிட்டபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மருமகள் வேலைக்குப் போவது சிவகாமியம்மாளுக்குப் பிடிக்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். முந்தின வாரம்கூட மாமியாருக்கும் மருமகளுக்கும் அதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்திருந்தது.

நான் வண்டியை ஓட்ட, மதினி பின்னால் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து "வேகமாப் போ, வேகமாப் போ" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தார்.

ஆயுதபூசை முடிந்த மூன்றாம் நாள் அது. வீட்டில் மிக்சி, தையல் இயந்திரம், கணினிப் பெட்டியின் தலை, எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தன. உமா பொத்தானை அழுத்திக் காட்டினார். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, நாலு எண்ணுவதற்குள் அணைந்துபோனது. மறுபடி அழுத்தினாலும் அதே கதைதான்.

"கடைசியா என்ன நடந்திச்சு?"

"பூசைக்கு முந்தின நாள் நல்லா ஓடுச்சு மதினி. பெறவு யாரும் தொடல்ல" என்றார் உமா. என்னைப் பார்த்து அவரும் மதினியை மதினி என்றே கூப்பிடுவார். சிவகாமியம்மாள் கதவோரம் நின்றிருந்தார்.

மதினி ராமைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். நாலு எண்ணுவதற்குள் அணைந்தது. கையோடு கொண்டுவந்த மின்சாரப் பெட்டியை மாற்றிப் போட்டார். அணைந்தது. ஹார்டு டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். அப்போதும் அணைந்தது. உமா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் சேலைத் தலைப்பை முறுக்குவதுமாக இருந்தார். மதினிக்கோ கண்ணில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. "சூப்பர் பழுதுட்டி இது, எங்கிட்டயே வெளையாடுது" என்றார். "மதினி, அந்தப் பிள்ள அழப்போவுது" என்று நான் பல்லைக் கடித்தேன்.

திடீரென்று அவர் கைகள் நின்றன. பெட்டியை விட்டுவிட்டுப் பொத்தானையே குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தி விட்டார். உள்ளே போன பொத்தான் சட்டென்று திரும்பாமல் பைய வெளியே வந்தது. இன்னொரு முறை அழுத்தினார். மறுபடியும் பைய வந்தது.

நிமிர்ந்து ஒரு கணம் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் கொண்டாட்டம் இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் கணினி தானாக அணைந்துவிடும். இங்கே அழுத்துவது மனித விரல் இல்லை, திரும்பி வர மறுக்கும் பொத்தான். அதிலிருந்து தாய்ப்பலகைக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பிடுங்கினார். ஒயர் மாட்டியிருந்த இரண்டு ஊசிமுனைகளையும் திருப்புளியின் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டார். காற்றாடி சுற்றியது. நாங்கள் மூச்சைப் பிடித்து எண்ணினோம். நாலு, ஐந்து, பத்து. அணையவில்லை. திரை வந்தது.

தேர்வுக்கு இன்னும் நேரம் இருந்தது. உமா மதினியைக் கட்டிப்பிடித்து "என்ன மதினி ஆச்சு இதுக்கு?" என்று கேட்டார்.

"சுவிட்சு தேஞ்சு போச்சு. பழசாச்சுல்லா. நீ பரீட்சைய எழுது தாயி" என்றார் மதினி. பொத்தான் இருந்த முகப்பை மட்டும் கழற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சிவகாமியம்மாளும் பின்னாலேயே போனார். நான் உமாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். உமாவுக்கு அந்த வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறார். வீடு திரும்பும் வழியில், தேய்ந்த சுவிட்சு ஏன் பிசினாக ஒட்டுகிறது என்று நான் கேட்டேன். "பழசுன்னா எல்லாந்தான் ஒட்டும், உன் வாயத் தவிர" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

அடக்கத்துக்கு முன் சாவு வீட்டில் சவப்பெட்டியருகே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அடுத்த அறையில் சபையார் பாட்டுகளுக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவகாமியம்மாள் உமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வயதாகித் தளர்ந்துவிட்டார். மதினியின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு சுவிட்சு தேயல்ல. நாந்தான் பூசையில சந்தனத்த அந்தப் பொத்தான் மேலயே அப்பிட்டேன். அதுதான் பொத்தான்னு எனக்குத் தெரியாது. மறுநா தெரிஞ்சதும் அத மட்டும் தொடச்சேன், இடுக்குல போனது போவல்ல. காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு. இவ பின்கட்டுல வென்னித்தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுதா, சந்தனமா வருது. நான் நடுங்கிப்போய் நிக்கேன். 'அடுத்த வருசம் ஓரமா வைங்க அக்கா'ன்னா. அம்புட்டுத்தான். பெறவு ஒரு நாளும் ஒரு வார்த்த கேக்கல்ல."

உமா மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த, அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா நீங்க வேணும்னே செஞ்சியன்னுதான் நெனச்சிருப்பேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்ட விட்டுப் போயிருப்பேன்."

"தெரியும் தாயி. அவளுக்கும் தெரிஞ்சிருந்திச்சு" என்றார் சிவகாமியம்மாள்.

உமாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து "அங்கன என்ன சிரிப்பு?" என்றார். இத்தனை வருடம் என்னிடம்கூட மூச்சுவிடாத என் மதினியை நினைத்து எனக்கு ஒரே பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

கல்லறைத் தோட்டத்தில் சபைப் போதகர் ஐயர் ஜெபத்தை முடித்ததும் எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டோம். சிவகாமியம்மாள் உமாவின் தோளைப் பற்றிக்கொண்டு குழியோரம் வந்தார். மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஆளிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"நீ சொல்லாதத நானே சொல்லிட்டேன் தாயி. இவ என்ன விட்டுட்டுப் போவல்ல. நீ நிம்மதியாப் போ."

போய் வாருங்கள் மதினி.