கறிமிளகாயும் சீஸும் நிறைந்த பெட்டிகள்

என் கணவர் மாட்டிறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேனை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் பைகளோடு படியில் இறங்கி வந்தார். ஒரு பையில் நீளமான, காரமில்லாத கறிமிளகாய், சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய், வெங்காயம், ஒரு பெரிய முட்டைக்கோவா. மற்றதில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. தாள் நனைந்து சிவந்திருந்தது.

"என்னங்க இது?"

"எறச்சி."

"ஆட்டெறச்சியா?"

பையை மறு பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஈரச் சட்டை நழுவி மண்ணில் விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

எங்கள் வீடு டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசி வீடு. கணவர், நான், என் மாமனார், மூன்று பேர். மாமனார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுவதும் கூட்டிப் பெருக்குவதும் அவர் பொறுப்பு. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கோழி சமைத்திருக்கிறேன், மீன் சமைத்திருக்கிறேன், தீபாவளிக்கு ஆடு சமைத்திருக்கிறேன். மாடு என்ற பேச்சே அங்கே எழுந்ததில்லை. எழாததால் அதைத் தடை என்றுகூட யாரும் சொன்னதில்லை.

நான் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றுகொண்டேன்.

"என் சட்டி பானை எதையும் தொடாதீங்க."

"தொடல. புதுசா வாங்கியாந்திருக்கேன், பாரு." உண்மைதான். இறைச்சிப் பையின் அடியிலிருந்து ஒரு கனத்த இரும்புத் தட்டைச் சட்டியும், ஒரு பலகையும், கத்தியும் வெளியே வந்தன. முன்கூட்டியே யோசித்திருக்கிறார். எனக்கு அதுதான் இன்னும் அதிர்ச்சியாக இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்னால் அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் பல வருஷம் டோஹாவில் ஒரு சாண்ட்விச் கடையில் இருந்துவிட்டு, திரும்பி வந்து வேன் வாங்கி, ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை நுவரெலியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் ஏற்றிக்கொண்டு திரிகிறார். பணிஸ், கொத்து ரொட்டி, நாலு கரண்டி சீனி போட்ட பிளேன்டீ, இதுதான் வழியில் அவர் சாப்பாடு. கால் எரிகிறது என்றார், உடம்பு மெலிந்தது, பிறகுதான் போய் இரத்தம் பார்த்தோம். மாத்திரை கொடுத்தார்கள். சோறு, மாப் பண்டம், சீனியைக் குறைக்கச் சொன்னார்கள்.

குறைப்பது என் கணவருக்கு வராது. ஒன்று முழுசாகச் செய்வார், இல்லையென்றால் செய்யவே மாட்டார். டெலிபோனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். மாச்சத்தே இல்லாத சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை சமைத்து ஒரு வாரத்துக்குப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளும் முறை. டோஹா கடையில் அவர் தினமும் செய்த பண்டம் அதில் வந்தது. மெல்லிய மாட்டிறைச்சி, வெங்காயம், மிளகாய், மேலே உருகிய சீஸ். அங்கே அதை நீட்டுப் பாணுக்குள் வைத்துக் கொடுப்பார்களாம். பாணை எடுத்துவிட்டால் சீனிக்காரன் சாப்பிடலாம் என்று யாரோ ஒரு அமெரிக்கன் சொல்லிவிட்டான்.

பின் பக்கத்துத் தாழ்வாரத்தில் சின்ன காஸ் அடுப்பை வைத்தார். இறைச்சியை முதலில் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைத்து இறுக விட்டு, பிறகு தாள்போல மெல்லிசாக அரிந்தார். அவர் கை அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு முட்டை பொரித்ததில்லை. சட்டி புகைய விட்டு வெங்காயத்தைப் போட்டார், விதை எடுத்த கறிமிளகாயையும் குடைமிளகாயையும் நீளநீளமாக அரிந்து போட்டார், காரத்துக்கு நாலைந்து கொச்சிக்காயை நசுக்கிப் போட்டார். அதைத் தள்ளி வைத்துவிட்டு இறைச்சி. இரண்டு கரண்டியால் கொத்திக் கொத்திப் புரட்டினார். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து, சீஸ் துண்டுகளைப் பரப்பி, மூடியால் மூடினார்.

நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூடியைத் திறந்தபோது தலைப்பையும் தாண்டி வாசம் வந்தது. அருவருப்பாக இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை. வாயில் எச்சில் ஊறியது. அதை நினைத்து எனக்கே என்மேல் திடுக்கென்றது.

பெட்டிகளில் கோவா இலையை விரித்து, மேலே இதை அள்ளி வைத்து அடுக்கினார். மிச்சத்தை ஒரு கோவா இலையில் சுற்றிக் கடித்துக்கொண்டிருக்கும்போது மாமனார் கோயிலிலிருந்து வந்தார். தாழ்வாரத்தில் கிடந்த இரத்தத் தாளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"மாடா?"

"ஆமாப்பா. சீனிக்கு. வீட்டுச் சட்டியில செய்யல."

இப்போது ஒரு சத்தம் வரும் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வரவில்லை. மாமனார் சமையலறைக்குள் போய்த் தன் சாப்பாட்டுத் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அங்கே சாமிப் படத்துக்குக் கீழே அவற்றைக் கவிழ்த்து வைத்தார்.

"இனிமே எனக்கு இங்க குடு புள்ள," என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அப்பாவும் மகனும் ஒரு வீட்டில் இரண்டு இடத்தில் சாப்பிட்டார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொடுக்கப் போகும் முன் முன்னறைக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுபோவேன். கணவர் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போவார். நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். அவர் கண்ணில் படக்கூடாது என்று வீட்டிலிருந்த சீனி, வெல்லச் சர்க்கரை, பிஸ்கட் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மாமனாருக்கும் பல வருஷமாகச் சீனி வருத்தம், சீனி போடாத வெறும் தேத்தண்ணிதான் குடிப்பார். நான் பள்ளிக்கூடத்தில் குடித்துக்கொள்வேன். வீட்டில் ஒரு பருக்கை சீனி கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கணவருக்குத் தொப்பை வற்றியது. கால் எரிச்சல் குறைந்தது. ஸ்டேஷனில் மற்ற டிரைவர்மாருக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டிப் பிரசங்கம் வேறு.

ஒரு நாள் காலை மூடுபனி. ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை ஏற்ற வேண்டும். விடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பெட்டியை எடுத்து வேன் சீட்டில் வைத்தார். "இப்ப சாப்பிட்டுப் போங்களேன்" என்றதற்கு, "வழியில சாப்பிட்டுக்குறேன்" என்று வேனைக் கழுவப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. மேலே ஏறிப் பார்த்தேன். குழாய் தரையில் கிடந்து பீச்சிக்கொண்டிருந்தது. அவர் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். பல் கிட்டும் அந்தக் குளிரில் அவருக்கு வியர்வை ஒழுகியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

"என்னங்க, என்ன செய்யுது?"

நிமிர்ந்து பார்த்தார். கண் என்மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"நீ யாரு?" என்றார்.

விளையாட்டு என்று ஒரு கணம் நினைத்தேன். தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டு, "யாரு நீ? போ அங்கிட்டு!" என்று கத்தினார். என்னை ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. மூளையில்தான் ஏதோ ஆகிவிட்டது, அவ்வளவுதான் என் வாழ்க்கை என்று நினைத்தேன். பிறகு எப்படியோ "மாமா!" என்று கத்தியிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு லயமே வெளியே வந்தது என்று பிறகு சொன்னார்கள்.

மாமனார் கோயில் பக்கமிருந்து ஓடி வந்தார். மகனின் நெற்றியைத் தொட்டார், கையைப் பிடித்துப் பார்த்தார்.

"சீனி எடு புள்ள! ஓடு!"

"சீனியா? அவருக்குச் சீனி வருத்தம் மாமா!"

"ஒடம்புல சீனி கொறஞ்சு போச்சு! எனக்கும் ஒருக்கா இப்படித்தான் வந்துச்சு. நிக்காத, ஓடு!"

எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓடினேன். சமையலறைத் தட்டில் டின்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மல்லி, மிளகாய்த்தூள், பருப்பு, தேயிலை. சீனி இல்லை. நான்தான் அள்ளிக் கொடுத்துவிட்டேனே. தேயிலைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் வீட்டில் ஒரு கரண்டி சீனி இல்லாமல் டின்களைத் தரையில் தள்ளிக்கொண்டு நான் நின்றதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்தேன். அந்த அக்கா உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சீனி டின்னையும் தண்ணீர்ச் செம்பையும் ஒரு டம்ளரையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாமனார் மகனைத் தன் மார்பில் சாய்த்து வைத்திருந்தார். சீனியைக் கரைத்து, டம்ளரை மகனின் உதட்டில் வைத்து, "முழுங்குடா, கொஞ்சமா முழுங்கு, என் ராசா" என்று கெஞ்சினார். பாதி வழிந்தது, பாதி இறங்கியது. இன்னொரு டம்ளர். ஒட்டிய வாயைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். முன்னறைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து அவர் மகனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இப்போது மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மெதுவாகக் கணவரின் கண் தெளிந்தது. சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் அழுவுற?" என்றார்.

லயத்து ஓட்டோ ஒன்றில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த சிங்கள டாக்டர், சின்ன வயசுப் பொம்பளைப் பிள்ளை, மெதுவாகத் தமிழ் பேசினார். விரலில் குத்திப் பார்த்தார், குளுக்கோஸ் ஏற்றினார், பிறகு கேட்டார்.

"நேத்து என்ன சாப்பிட்டது?"

"எறச்சி, சீஸ், கறிமிளகாய், கோவா," என்றார் கணவர்.

"சோறு?"

"இல்ல மிஸ்."

"ரொட்டி? பாண்? கிழங்கு?"

"ஒண்ணுமே இல்ல மிஸ். இப்ப கொஞ்ச நாளா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "இந்த மாத்திரை சீனியை இறக்குற மாத்திரை. நீங்க சாப்பாட்டுலயும் இறக்கி, மாத்திரையிலயும் இறக்கினா எங்க போய் நிக்கும்? ஏன் எங்களுக்குச் சொல்லல?"

"நல்லதுதான செய்யுறோம்னு நெனச்சேன்."

"நல்லதுதான். ஆனா சொல்லணும். மாத்திரையை நாங்க மாத்தணும்."

சாப்பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரையின் அளவைக் குறைத்தார். சீஸைக் கொஞ்சம் குறைத்து, பக்கத்தில் கேழ்வரகில் சுட்ட ஒரு சின்னக் குரக்கன் ரொட்டி சேர்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் வேன் ஓட்டவே கூடாது என்றார். அதைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது.

அந்த வார்த்தை எங்களோடு ஓட்டோவில் ஏறி வந்தது. திரும்பும் வழியில் நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவில் கணவர் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். வாந்தி வருகிறதோ என்று நானும் இறங்கினேன். அவர் தடுப்புக்கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பனி விலகி, அடியில் தண்ணீர் தெரிந்தது.

"கொஞ்சம் முந்திக் கெளம்பியிருந்தா, அந்த நேரம் நான் இங்க வந்திருப்பேன்," என்றார். "பின்னுக்கு அந்தக் குடும்பம் இருந்திருக்கும். சின்னப் புள்ளைகளும்னு சொன்னாங்க."

நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டேன். ஓட்டோக்காரர்தான் இரண்டு பேரையும் கையைப் பிடித்து ஏற்றினார்.

மறுவாரம் அவர் வேனை எடுக்கவில்லை. சீனி பார்க்கும் சின்ன மிஷின் ஒன்று வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனி அந்தச் சட்டியைத் தொடமாட்டார் என்றுதான் நினைத்தேன். காலையில் மிளகாய் விதையைத் தட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் குரக்கன் மாவைப் பிசைந்தேன்.

மாமனார் வந்து கொஞ்ச தூரத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எறச்சி இல்லாம இதச் செய்ய ஏலாதா?" என்று கேட்டார்.

கணவர் கத்தியை நிறுத்தினார். "காளான் போட்டுச் செய்யலாம்ப்பா. ஏன்?"

"எனக்கும் சீனிதானடா. வேற சட்டியில செய்."

மா பிசைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. கணவர் என் சட்டியில், என் அடுப்பில், நுவரெலியாக் காளானும் கறிமிளகாயும் வதக்கிச் சீஸ் உருக்கி அப்பாவுக்குக் கொடுத்தார். மாமனார் அதை முன்னறைக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே, சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து, குரக்கன் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார். மாட்டிறைச்சிச் சட்டி தாழ்வாரத்தில் தனியாகப் புகைந்துகொண்டிருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவில்லை. இன்றைக்கும் திரும்புவதில்லை. நானும் இன்னும் அதை வாயில் வைக்கவில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

மாமனார் கடைசி வாயை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கொச்சிக்கா பத்தல."