பாறசாலைப் பழைய ஓடுபாதையில் என் மகனின் பட்டம்

பட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. மேலே ஏறும் பட்டம் கயிற்றை இழுக்கிறது, கயிறு சுற்றிய உருளை சுழல்கிறது, மின்சாரம் வருகிறது. என் மகன் டேனியல் இந்த வேலையில்தான் இருந்தான். போன வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டான். அவனே வெட்டித் தைத்த பட்டம் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. அவனுடைய குழு இனி ட்ரோன்களை மட்டும் செய்யப்போகிறது. அதற்கு முன் ஒரே ஒரு நாளைப் பட்டத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆகஸ்டில், கூட வேலை செய்த ஷைனி போன் செய்தாள். "டேனியலுக்க பட்டத்த ஒருக்கா பறக்க விடப்போறோம், அங்கிள். வாறீங்களா?"

போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறினேன். பாறசாலைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து தனுவச்சபுரம் பக்கம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

இடத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "பிளேன் வராத ஏர்போட்டுக்கு ஆக்கும் போறது. டிக்கெட் எடுத்தாச்சா, சாரே?"

போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதை என்கிறார்கள். எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆகவே உறுதியாக எழுதவில்லை. இப்போது வெடித்த சிமென்ட் தளமும் இடுப்பளவு புல்லும்தான் மிச்சம். சுற்றிலும் தென்னையும் ரப்பரும்.

பத்து மணி வரை ட்ரோன்களைப் பறக்கவிட்டு, மேலே காற்று எவ்வளவு என்று அளந்தார்கள். அதன்பின் பட்டத்தை விரித்தார்கள். ஆறு மீட்டர் நீளம், நீலத் துணி. தையல் ஓரிடத்தில் கோணலாக ஓடியிருந்தது. அவன் கைதான் அது. உருளையோடு ஒரு பல்பை இணைத்திருந்தார்கள். அது எரிந்தால், இந்த அளவு பட்டம் போதும் என்று டேனியல் போட்ட கணக்கு சரி.

கயிற்று வேலைக்குப் பூவாறு கடற்கரையிலிருந்து அந்தோணி வந்திருந்தார். அவரும் ஷைனியும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையை அழுத்திப் பிடித்திருந்தார்கள். கொக்கியில் கயிற்றை மாட்டுவதுதான் பாக்கி.

"ஒரு ஜெபம் பண்ணுங்க, அங்கிள்," என்றாள் ஷைனி. "நீங்களாக்கும் மூத்தது."

எங்கள் சபைகளில் ஜெபிக்காமல் எதையும் தொடங்க மாட்டோம். எனக்கு நாலு பேர் முன் பேச வராது. மறுக்கவும் வராது. வாயில் பழகிய வார்த்தைகளே வந்தன. "தலைகளைத் தாழ்த்தி, கண்களை மூடி, கைகளைக் குவித்து ஜெபிப்போம்."

எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

மகனின் பெயரைச் சொன்னபின் ஜெபத்தை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. ஆகவே சற்று நீண்டுவிட்டது. துணி படபடக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. ஆமென் சொல்லிவிட்டுத் திறந்தபோது தளத்தில் பட்டம் இல்லை. தென்னைகளுக்கு மேல் கயிறில்லாமல் புரண்டு புரண்டு போய்க்கொண்டிருந்தது.

"எலே, பிடி! பிடி!" என்று அந்தோணி ஓடினார். பிடிப்பதற்கு ஒன்றும் தொங்கவில்லை.

ட்ரோனை அனுப்பித் தேடினார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி ரப்பர் மரங்களில் இரண்டாகக் கிழிந்து கிடந்ததைத் திரையில் பார்த்தேன்.

அந்தோணி பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா மேல பொங்கிச்சு பாத்தியளா. பறக்காதுண்ணு இனி ஒருத்தனும் சொல்லப்பிடாது."

"பல்பு எரியல்ல இல்லியா, அண்ணே," என்றாள் ஷைனி. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தப்பு எங்களுக்க தான், அங்கிள். கயித்த முதல்ல மாட்டியிருக்கணும்," என்றாள்.

என்னைக் கடிந்து யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பெற்ற மகன் போட்ட கணக்கு சரியா, தவறா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. மாலை நான்கு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

ட்ரோன் சோதனையைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டி அனுமதி கேட்டுச் சனிக்கிழமைகளில் போகலாம். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். குடையும் தண்ணீரும் வேண்டும், அருகில் கடை இல்லை. பட்டம் இனி இல்லை. வேறெங்காவது இப்படி ஒன்றைப் பறக்கவிடும் இடத்தில் உங்களை ஜெபிக்கச் சொன்னால், ஜெபியுங்கள். பிடித்திருப்பவர்கள் கையை எடுக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.