குஞ்சம்மாள் படித்துறையில் இறங்கிய நாள்

கோமுகி ஆற்றங்கரையில், சங்கராபுரம் போகிற வழியில் இருக்கிறது மேலக்கரை. தேக்குத்தூண் வீடுகளும், ஆற்றுக்குள் இறங்கும் கருங்கல் படித்துறையும் இருநூறு வருஷமாகக் குலையாமல் நிற்கின்றன. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் சொக்கிப்போவார்கள். அந்த அழகில் பொய் இல்லை.

அந்தப் படிகளில் பாசி சுரண்டுவது கீழத்தெருக் கூலிக்காரி குஞ்சம்மாளின் வேலை. சுரண்டலாம், குளிக்கக் கூடாது. கீழத்தெருப் பெண்கள் குளிக்க வேண்டுமென்றால் சுடுகாட்டைத் தாண்டி, முள்ளுக்குள் இறங்க வேண்டும். சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிற அந்தச் சமயத்திலும் அப்படித்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதத்தில், பழைய ஊர்களைச் சுற்றிப்பார்க்கிறவர்கள் சென்னையிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்தார்கள். விடிந்ததிலிருந்து படிகளைத் தேய்த்துக் கழுவிய பெண்களை வேலியோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, ஊர்ப் பெரியதனக்காரர் தெய்வசிகாமணி விருந்தாளிகளிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார்.

"எங்க தாத்தா காலத்துல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே காப்பாத்திக்கினு வர்றோம்ங்க. ஒண்ணையும் மாத்தல."

வேலியோரம் நின்ற குஞ்சம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. துடைப்பத்தை வீசிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஆமாங்க, ஒண்ணையும் மாத்தல. காலீலேர்ந்து இந்தப் படியத் தேச்சிக்கினு கெடக்குறேன். இதுல எறங்கி ஒரு முழுக்குப் போட எனக்கு வழியில்ல. அதையுந்தான் பத்திரமா வெச்சிருக்காங்க. அதையும் போட்டோ புடிச்சிக்கினு போங்க!"

"ஏய் குஞ்சா, வந்தவங்க முன்னால இன்னா பேச்சு இது? வூட்டுக்குப் போ!"

"போறேன். குளிச்சிட்டுப் போறேன்."

கட்டிய சேலையோடு இறங்கி முங்கினாள். பக்கத்து வீட்டுச் செவ்வந்தி, "அக்கா, வந்துடுக்கா, அடிப்பாங்க" என்று கெஞ்சினாள். பிறகு அவளும் இறங்கினாள்.

மறுநாளிலிருந்து இருவரையும் மேலத்தெருவில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. படித்துறைக்குக் கம்பி கேட் போட்டுப் பூட்டினார்கள். குஞ்சம்மாள் கீழத்தெருவையே கூட்டிக்கொண்டு தாசில்தாரிடம் போனாள். விசாரிக்கிறோம் என்று திருப்பி அனுப்ப அனுப்ப, மறுபடி மறுபடி போனாள். கடைசியில் தாசில்தாரே போலீஸோடு வந்து பூட்டை உடைக்கச் சொன்னார். அன்று கீழத்தெருவே ஆற்றில் குளித்தது.

மேலத்தெரு வீடுகளில் குளியலறைகள் முளைத்தன. அந்தத் தண்ணீரில் இனி இறங்கமாட்டோம் என்றார்களாம். குஞ்சம்மாள் தெய்வசிகாமணி வீட்டு வாசலில் போய் நின்றே கேட்டாள்: "நாங்க குளிக்கிற ஆத்துலேர்ந்துதானேங்க உங்க வூட்டுக் குழாய்க்கும் தண்ணி வருது? அத இன்னா பண்ணுவீங்க?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நடவுக்கு ஆள் பற்றாமல் அவரே சொல்லி அனுப்பினார். குஞ்சம்மாள் போகவில்லை. செவ்வந்தியோடு சின்னசேலம் பஸ் ஏறி, மண்டியில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போனாள்.