வளைகாப்பு வேண்டாம் என்றேன்

ஆறாம் மாத ஸ்கேனில் என் குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது தெரிந்தது. "வெளிநாட்டுல வயித்துல சின்னத் துளை போட்டு, உள்ளேயே மூடிப் பாக்கறாங்கம்மா. இங்க பிறந்தப்புறம்தான்" என்றார் சென்னை டாக்டர். அதற்குள் குழந்தையின் கால்கள் செயலிழந்துவிடுமோ என்று காஞ்சிபுரம் வரும்வரை பஸ்ஸில் குமைந்தேன்.

வீட்டில் வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். வளையலோடு வந்த நாத்தனார் விடவில்லை.

"கோவத்த டாக்டர்கிட்ட காட்டு அண்ணி. முதுகுலதானே குறை, காதுல இல்லியே? புள்ள சத்தம் கேட்டுக்கினு இருக்கட்டும்."

எரிச்சலோடுதான் கையை நீட்டினேன். வளையல்கள் குலுங்கியதும் குழந்தை அசைந்தது. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அதனிடம் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சிகிச்சை இங்கே ஏன் இல்லை என்ற ஆற்றாமை இன்றும் தீரவில்லை. ஆனாலும் அன்று கையை மறுபடி ஆட்டி, "கேக்குதாம்மா?" என்றேன்.